12 பாகை: என் தோள் இறுகிப்போன கதை

கணக்கு டீச்சர் என்பதால் எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. 2022 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை, ரவிக்கையின் இடது கைக்குள் என் கையை நுழைக்க 11 நிமிடம் ஆனது. வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் காலமாகி 6 ஆண்டுகள் ஆகின்றன. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பாதி மாட்டிய ரவிக்கையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். வலியைவிட, எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு இதற்கெல்லாம் உதவி கேட்க வேண்டி வருமே என்ற கூச்சம்தான் அதிகம் அழவைத்தது. அப்போது வலி தொடங்கி 4 மாதம் முடிந்திருந்தது. அதற்குள் மூன்று பேரிடம் காட்டியிருந்தேன். எனக்கு என்ன நோய் என்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. அந்த ஆண்டு ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதக் கையைத் தூக்கினேன்; தோளுக்குக் கீழே, மேல்கையின் வெளிப்பக்கத்தில் சுருக்கென்றது. நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். சாப்பிடுவதை மட்டும் பாட்டி அடித்து வலக்கைக்கு மாற்றிவிட்டார்; எழுதுவது இன்றும் இடக்கையால்தான். கோடை விடுமுறை முழுக்க எழுதாமல் இருந்துவிட்டுத் திடீரென்று எழுதியதால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். மதுரையில் தைலத்துக்கா பஞ்சம்? தடவிக்கொண்டேன். மருந்துக்கடையில் சொல்லி ஒரு வலி மாத்திரை வாங்கினேன். நன்றாகக் கேட்டது. அதனால் மூன்று வாரம் தொடர்ந்து போட்டேன். வயிற்றெரிச்சல் வந்த பிறகுதான் நிறுத்தினேன். அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை, சர்க்கரை உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. எனக்குச் சர்க்கரை இருந்ததே அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்டில் இரவு வலி ஆரம்பித்தது. பகலில் இந்த வலியோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். இரவு 2 மணிக்குத் தூக்கத்தில் இடப்பக்கம் புரண்டால், யாரோ தோளுக்குள் திருகாணியை வைத்து முடுக்குவதுபோல் இருக்கும். எழுந்து உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இடது கை வலி என்றதும் நெஞ்சைத்தான் நினைக்கத் தோன்றும். ஒரு நாள் அதிகாலை ஆட்டோ பிடித்துப் போய் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தேன். இதயத்தில் ஒன்றும் இல்லை. 2,200 ரூபாய். இந்தப் பணத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். இடது தோளோ கையோ வலித்து, கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் ஏதாவது இருந்தால் உடற்பயிற்சி, ஒத்தடம் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வீணானது அதற்குப் பிறகு செலவழித்ததுதான். அடுத்து ஒரு டாக்டரைப் பார்த்தேன். வாசலில் நாற்பது பேர். என் முறை வந்தபோது, வலி எங்கே என்று கேட்டார். தோளையும் கையையும் காட்டினேன். நாற்காலியை விட்டு எழாமலே கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். 6,500 ரூபாய். படத்தில் கழுத்தின் 5, 6ஆம் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு (டிஸ்க்) சற்றுப் பிதுங்கியிருப்பதாக வந்தது. அவ்வளவுதான், என் வலிக்குப் பெயர் கிடைத்துவிட்டது: கழுத்துத் தேய்மானம். கழுத்துப் பட்டை, நரம்புக்கு ஒரு மாத்திரை, 10 நாள் கழுத்தை இழுத்துக் கட்டுவதும் கரண்ட் வைப்பதும். அந்தப் பட்டையோடு வகுப்புக்குப் போனபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் முறையாக என் பாடத்தில் அமைதியாக இருந்தார்கள். அந்த ஒரு பலனைத் தவிர வேறு எதுவும் இல்லை. வயதானால் தலை நரைப்பதுபோல வட்டு பிதுங்குவதும் நடக்கும் என்றும், வலியே இல்லாத ஏராளமானவர்களின் கழுத்துப் படத்திலும் இது தெரியும் என்றும் எனக்கு அப்போது யாராவது சொல்லியிருக்கலாம். கழுத்து நரம்பு நசுங்கினால் வலி பெரும்பாலும் முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கும், மரத்துப்போகும், கழுத்தைத் திருப்பினால் கூடும். எனக்கு வலி முழங்கைக்கு மேலேயே நின்றது. கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் ஆகவில்லை. இதைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கேட்க ஆளில்லை.

மூன்றாவதாகச் செய்ததை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவள், பக்கத்துத் தெருவில் ஒருவர் சொன்னார் என்று எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரிடம் 14 நாளுக்கு 9,800 ரூபாய் முன்பணமாகக் கட்டினேன். வைத்தியமுறையைப் பொதுவாகக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த ஆள், இறுகிய கையைப் பிடித்து 'சடக்' என்று மேலே தூக்கினால் விட்டுவிடும் என்று நம்பினார். மூன்றாம் நாள் அப்படித் தூக்கினார். கண் இருட்டிவிட்டது. அன்றிலிருந்து இருந்த அசைவும் போயிற்று. மீதி 11 நாளுக்கு நான் போகவில்லை. பணமும் திரும்ப வரவில்லை. எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். அன்றன்று காசு கொடுத்தால்தான், வேண்டாம் என்று தோன்றும் நாளில் எழுந்து வர முடிகிறது.

ரவிக்கையோடு அழுத நாள் அதற்குப் பிறகு வந்தது. பின்பக்கக் கொக்கி வைத்த உள்ளாடையைக் கைவிட்டு முன்கொக்கிக்கு மாறினேன். ஜடை பின்ன முடியவில்லை என்று முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டேன். ஆசிரியர் அறையில் அதற்கு நூறு விளக்கம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. கொடியில் துணி காயப்போட முடியாது. கரும்பலகையில் வலக்கையால் எழுதப் பழகினேன். என் வட்டங்களெல்லாம் கோழி முட்டை ஆயின. 19 நாள் மருத்துவ விடுப்பு போயிற்று.

நவம்பர் கடைசியில் எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான், "டீச்சர், நம் கபடிப் பிள்ளைகளைப் பார்க்கிற பிசியோ தம்பி ஒருவர் இருக்கிறார், ஒருமுறை காட்டுங்கள்" என்றார். நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போகிறேன், விளையாட்டுக்காரர்களுக்கான சிகிச்சை எனக்கு எதற்கு என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வாரத்தையும் நட்டக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன். மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரே அறை. ஒரு கட்டிலில் தொடைத்தசை பிடித்த பையன். மூலையில் ஒரு பூப்பந்துச் சிறுமி ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். சீலையோடு நான் உள்ளே போனதும் அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தத் தம்பி நான் கொண்டுபோன எம்.ஆர்.ஐ. உறையை மேசையில் ஓரமாக வைத்தார். "அப்புறம் பார்ப்போம் டீச்சர், முதலில் கையைக் காட்டுங்கள்" என்றார். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். கதவைத் திறப்பதுபோன்ற அசைவு. வலக்கை தாராளமாகப் போனது. இடக்கை கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. பிறகு என்னைத் தளர விடச் சொல்லி அவரே மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். அதே இடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றது. இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். வகுப்பில் நான் 20 ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் கொண்டுவரச் சொல்லும் கோணமானிக்கு இரண்டு நீளக் கைகள் முளைத்ததுபோல் இருந்தது. அளந்து சொன்னார்: வலது 70 பாகை, இடது 12 பாகை. இடக்கையை முன்பக்கமாகத் தூக்குவது 95, பக்கவாட்டில் 70. அவர் சொன்ன அளவை நான் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். 6 மாதத்தில் என் உடம்பைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் அளவு அது. அந்தப் பரிசோதனைக்கு அவர் வாங்கியது 500 ரூபாய்.

இதற்குப் பெயர் ஃப்ரோசன் ஷோல்டர், உறைந்த தோள். தசை கிழிந்திருந்தால் நாம் தூக்க முடியாத கையை அடுத்தவர் தூக்கிவிட முடியும். இதில் அடுத்தவராலும் முடியாது, அதிலும் வெளிப்பக்கம் திருப்புவதுதான் முதலில் போகும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்றார். இதே போன்ற தடை பழைய மூட்டுத் தேய்மானத்திலும் வரும் என்பதால் தோளுக்கு மட்டும் ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அது சுத்தமாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அவர் சொன்ன உவமையை இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தோள்மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கையைத் தூக்க வசதியாக அக்குள் பக்கம் அது மடிந்து தொளதொளவென்று தொங்கும். அந்த உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. "உங்கள் டெய்லர் அக்குளில் துணியே விடாமல் தைத்துவிட்டால் கையைத் தூக்க முடியுமா? அதுதான்." போஸ்டனைச் சேர்ந்த காட்மன் என்ற அறுவை மருத்துவர் 1934இல் இந்தப் பெயரை வைத்தபோதே, இது இன்னதென்று வரையறுக்கவும் கடினம், விளக்கவும் கடினம், குணப்படுத்தவும் கடினம் என்று எழுதிவைத்தாராம். ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து மதுரையில் எனக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை.

அடுத்த கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்?" நான் ஒல்லி, காபியில் சர்க்கரை குறைவு, பார்த்ததே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வரும், 40 முதல் 60 வயதுக்குள், அதுவும் பெண்களுக்கு அதிகம் என்றார். மறுநாள் 450 ரூபாய் கொடுத்து ரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) பார்த்தேன். 8.9 சதவீதம். 6.5 தொட்டாலே சர்க்கரை நோய். தைராய்டு சரியாக இருந்தது. சர்க்கரை அதிகமாக ஓடும் உடம்பில் தசைநாரும் மூட்டுறையும் விறைத்துப் போகின்றன என்பது எனக்குப் புதிய செய்தி. காரணமே தெரியாமல் தோள் இறுகினால், வேறு எதையும் செய்வதற்கு முன் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். என் தோள் வலிக்காமல் இருந்திருந்தால் சர்க்கரை இன்னும் எத்தனை ஆண்டு சத்தமில்லாமல் இருந்திருக்குமோ.

சிகிச்சை என்றால் கட்டிலில் படுக்கவைத்து ஏதாவது செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் வீட்டுப்பாடம் கொடுத்தார். முதலில் சொன்னது காலம்: வலிக்கிற கட்டம், இறுகுகிற கட்டம், இளகுகிற கட்டம் என மூன்று உண்டு, மொத்தம் 1 முதல் 3 ஆண்டுவரை ஆகலாம், எந்த மந்திரமும் இதை ஒரு வாரத்தில் முடிக்காது. நேர்மையாக இதைச் சொன்னதாலேயே அவரை நம்பினேன். இரண்டாவது, நான் இன்னும் வலிக்கிற கட்டத்தில் இருக்கிறேன், இப்போது இழுத்துப் பிடித்துத் திருகினால் உறை இன்னும் கோபப்படும். அதற்கு அவர் சொன்ன விதி எனக்குப் பிடித்தது. வலிக்கு 10 மதிப்பெண். பயிற்சியின்போது 4 வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அளவைக் குறை, நிறுத்தாதே. எனக்குத் தெரிந்த பலர் வலித்ததும் ஒரேயடியாகக் கையை அசைக்காமல் வைத்துவிடுகிறார்கள், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குகிறார்கள். இரண்டுமே தவறு.

பயிற்சிகள் எல்லாம் வீட்டுச் சாமானில். குனிந்து வலக்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு இடக்கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. சாப்பாட்டு மேசையில் துணியை வைத்து இடக்கையால் முன்னே தள்ளித் துடைப்பது. உடம்பும் கூடவே சாயும்போது தோள் தானாகத் திறக்கும். மல்லாந்து படுத்து, மடக்கிய குடையின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் தள்ளி இடக்கையை வெளிப்பக்கம் திருப்புவது. இந்தக் குடைப் பயிற்சிதான் எனக்குப் பெரிய பலன் கொடுத்தது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். தொடங்குமுன் 10 நிமிடம் வெந்நீர்ப் பை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோலில் உணர்ச்சி மந்தமாக இருக்கலாம். பையைத் துணியில் சுற்றி, சூட்டை மற்றொரு கையால் சோதித்துவிட்டு வையுங்கள். தூங்க, மல்லாந்து படுத்து முழங்கைக்கும் மேல்கைக்கும் கீழே ஒரு தலையணை வைக்கச் சொன்னார். கை பின்னால் சரியாமல் இருப்பதற்காக. இந்த ஒற்றைத் தலையணை எனக்கு முதல் வாரத்திலேயே இரண்டு மணி நேரத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆறு மாதமாக இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையா என்று அன்று கோபம்கூட வந்தது.

இரவு வலி முழுதாக அடங்கவில்லை என்று, டிசம்பரில் அவரே கடிதம் எழுதி ஓர் எலும்பு மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, 3,500 ரூபாய். ஊசி என்றால் பயப்படுகிறவர்கள் உண்டு, நானும்தான். வலிக்கிற கட்டத்தில் போட்டால்தான் அதற்கு அதிகப் பலன், இறுகிய பிறகு அவ்வளவு இல்லை என்று அந்த மருத்துவர் விளக்கினார். ஒரு வாரத்தில் இரவு வலி பாதியானது. ஆனால் எனக்குச் சர்க்கரை ஐந்து நாள் 280ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. நீங்களும் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசியோடு வேலை முடிந்தது என்று பயிற்சியை விட்டுவிடவும் கூடாது. வலி குறைந்த அந்தச் சில வாரங்கள்தான் அசைவைச் சேர்க்கக் கிடைக்கும் சந்தர்ப்பம்.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவான கணக்கு. நோட்டில் மாதத்துக்கு ஒரு வரி: 12, 15, 22, 25, 25, 25, 34. நடுவில் மூன்று மாதம் 25லேயே நின்றபோது நொந்துபோனேன். அப்போதுதான் பயிற்சி கடினமானது. ஹார்டுவேர் கடையில் 120 ரூபாய்க்கு ஒரு சின்னக் கப்பி வாங்கி, உறுதியான உத்தரக் கொக்கியில் மாட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கை இழுக்க, மறுமுனையில் நோயாளிக் கை மேலே போகும். பிறகு ரப்பர் பட்டை, அதன்பின் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். இங்கேதான் விளையாட்டு பிசியோவின் அருமை தெரிந்தது. அசைவு வந்ததும் போய் வாருங்கள் என்று அவர் விடவில்லை. "கரும்பலகையில் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் எழுதுவீர்கள்?" என்று கேட்டு, பந்துவீச்சாளருக்கு ஓவர்களைக் கூட்டுவதுபோல எனக்கு 5 நிமிடம், 8 நிமிடம் என்று கூட்டினார். ஒன்பது மாதத்தில் 11 முறை போனேன். முதல்முறை 500, மற்றவை 400 வீதம், மொத்தம் 4,500.

பிசியோ ஒருவரைத் தேடும்போது நான் இப்போது பார்ப்பது இவைதான். பிசியோதெரபி பட்டப்படிப்பான பி.பி.டி. படித்தவரா, மசாஜ் மட்டும் தெரிந்தவரா என்று கேட்பேன். விளையாட்டுப் பிரிவில் அதன் முதுகலையான எம்.பி.டி. இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கத்தையும் தொட்டு, ஒப்பிட்டு, அளந்து எழுதுகிறாரா? என் வேலை என்ன, நான் திரும்ப எதைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறாரா? வெறும் கருவியை மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாரா? தன்னால் முடியாததை மருத்துவரிடம் அனுப்புகிறாரா? 30 நாள் தொகுப்பு விற்கிறவரிடமிருந்து நேராக வாசலுக்குத் திரும்பிவிடுவேன்.

வழிதவறிய ஆறு மாதத்துக்கு நான் செலவழித்தது, மாத்திரை, பட்டை, ஆட்டோ எல்லாம் சேர்த்து 25,000க்கு மேல். இதயப் பரிசோதனையைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன். சரியான வழிக்கு, பிசியோ, ஊசி, சர்க்கரை ரத்தப் பரிசோதனை மூன்றுக்கும் சேர்த்து 8,450.

2023 சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியபோது என் கும்பிடு நெற்றிவரைதான் எழுந்தது. அடுத்த ஆண்டு தலைக்குமேல் போனது. இப்போது இடது தோள் வெளிப்பக்கம் 64 பாகை திரும்புகிறது. மீதி 6 வரவில்லை, ஓர் ஆண்டாக அங்கேயே நிற்கிறது. உறைந்த தோள் அதே பக்கத்தில் திரும்ப வருவது அபூர்வம், மறுபக்கத்தில் வரலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, சம்பளம் வந்ததா என்று பார்த்துவிட்டு, கண்ணாடி முன் நின்று வலக்கையை அளந்து பார்க்கிறேன். இந்த மாதம் 70. ஜடை மறுபடி வளர்ந்துவிட்டது. முன்கொக்கியை மட்டும் மாற்றவில்லை. அதுதான் வசதியாக இருக்கிறது.